ஊட்டும் கை

மும்பை மாஹிம் பஸ் ஸ்டாப்பின் விளம்பரக் கண்ணாடியில் வெயில் பளபளக்கிறது. பிரியாணி மசாலா விளம்பரம். வாயைத் திறந்திருக்கும் வாலிபனுக்குச் சிவப்புச் சேலைக்காரி ஒருத்தி சோறு ஊட்டுகிறாள். அவள் முகம் பிறகு ஒட்டவைத்தது, வேறு யாருடையதோ. வளைந்த சுண்டுவிரலோடு ஊட்டுகிற கை மட்டும் இங்கே பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நஸீராவுடையது. "முகத்தப் பிடிக்கக் கூடாது, கைய வேணா எடுத்துக்கோங்க" என்று படமெடுக்க வந்தவர்களிடம் கறாராகச் சொன்னது அவள் புருஷன் ஜெயினுலாப்தீன்தான். இப்போது பக்கத்தில் நிற்கும் அவருக்கு வயிறு எரிகிறது. "ஏட்டி, நாப்பது வருசத்துல எனக்கு ஒரு வாய் ஊட்டியிருப்பியா?" "நீங்க என்னைக்குக் கேட்டிய? அந்தப் புள்ள மத்தியானம் வரைக்கும் வாயத் திறந்துட்டே இருந்தான், பாவம்." "பாவமாம்ல!" நஸீரா மறுபடியும் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஜெயினுலாப்தீன் மெல்ல நகர்ந்துபோய், அந்தப் பயலின் வாயை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.