அருளம்பலம் ஏறிய மலை

“மலை இருக்கு!”

“இல்லை ஐயா. இப்ப இல்லை.”

“நான் ஏறினனான் தம்பி! உச்சியில நிண்டு மொஸ்கோவையே கும்பிட்டனான்!”

பெண் பார்க்க வந்த வீட்டில் மலைச் சண்டை. சத்தம் கடற்கரை வீதி வரைக்கும் கேட்டது.

திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்ற அருளம்பலம் கதிரையை விட்டு எழுந்தேவிட்டார். எதிரே மாப்பிள்ளை ஆனந்தராசா. மொஸ்கோவில் படித்த எஞ்சினியர் என்றுதான் சம்பந்தம் வந்தது. கதவுக்குப் பின்னால் மகள் பூரணி. முப்பது தாண்டிவிட்டது. சண்டைக்கால ஊரில் இப்படி ஒரு மாப்பிள்ளை, அதுவும் அவளுக்குப் பிடித்த மாப்பிள்ளை, இனி எங்கே வரப்போகிறான்?

அருளம்பலம் மொஸ்கோ போன கதை தெரியாத ஆள் ஊரில் இல்லை. மூன்று வருடத்துக்கு முன், எண்பத்தெட்டில், தொழிற்சங்கப் பிரதிநிதியாக இரண்டு கிழமை போய் வந்தவர்.

“அந்த மலையின்ர சரித்திரம் தெரியுமோ உமக்கு? பேரே கும்பிடு மலை. அந்தக் காலத்தில மொஸ்கோவுக்கு வாற சனம் அதில நிண்டு ஊரைக் கும்பிட்டுட்டுத்தான் இறங்கும். நாங்கள் பஸ்ஸுக்குள்ள இருந்து கோணேசர் மலையைக் கும்பிடுறேல்லையே, அப்பிடி. நெப்போலியனும் அதிலதான் நிண்டவன். ஊர் வாசல் பூட்டின்ர திறப்பைக் கொண்டந்து கையில தருவாங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டான், நிண்டான்... ஒருத்தரும் வரேல்லை. விசரன்!” தொடையில் தட்டிச் சிரித்தார்.

“அதெல்லாம் சரி ஐயா. ஆனா நினைவுச்சின்னம் கட்டவெண்டு மலையை வெட்டித் தட்டையாக்கிப்போட்டாங்கள். ஏறுறதுக்கு அங்க ஒண்டுமில்லை.”

“அப்ப இது எங்கால வந்தது?”

அருளம்பலம் அலுமாரியைத் திறந்து, கரடிமயிர்த் தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்தார். சித்திரை வெக்கையில் காதோரம் வேர்வை ஓடியது.

“மொஸ்கோவைக் காணாதவனெல்லாம் அங்க படிச்சனான் எண்டு வாறான். பொய்க்காரனுக்கு என்ர பிள்ளையைத் தர ஏலாது!”

“அப்பா...” பூரணியின் குரல் உடைந்தது.

அப்போதுதான் குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்தாள் மனைவி அன்னலட்சுமி. அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

“தம்பி, மலையை எப்ப வெட்டினவங்கள்?”

“நான் அங்க படிக்கேக்கதான் அம்மா. எண்பத்தேழில முடிச்சுப்போட்டாங்கள்.”

ஆனந்தராசா தன் பேர்சிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தான். வெட்டவெளி, இரண்டு புல்டோசர், நடுவில் சேற்றுச் சப்பாத்தோடு அவனும் கூட்டாளிமாரும். பின்பக்கத்தில் திகதி.

அன்னலட்சுமி படத்தைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். தொப்பிக்குக் கீழே இருந்த புருசனைப் பார்த்தாள்.

“பூரணி, மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணியைக் குடு. உண்மை பேசுற பிள்ளை. நாள் பாப்பம்.”

பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

“இஞ்சேருங்கோ, மலை போன பிறகு மலை ஏறியிருக்கிறியள். அப்ப அந்த ரெண்டு கிழமையும் எங்க நிண்டனீங்கள்?”

ஊரடங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். மாப்பிள்ளை சந்தோசமாகப் போய்விட்டான். வெளிப் படிக்கட்டில் நின்று அருளம்பலம், மனைவி உள்ளே பூட்டிவிட்ட கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“சத்தியமா அன்னம்! கடைசி நேரத்தில சங்கக்காரர் என்ர பேரை வெட்டிப்போட்டாங்கள். வெக்கத்தில மூதூருக்கு லோஞ்ச் படகு ஏறி, கூட்டாளி அபூதாஹிர் வீட்டில தயிர் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தனான். தொப்பி ரஷ்யக் கப்பல்காரன் தந்தது!”

உள்ளேயிருந்து குரல் வந்தது: “ஓமோம். அந்தத் தயிரைப் போட்டுத் தந்தவள் ஆர்?”

மொஸ்கோக் கதையை மூன்று வருடம் நம்பியவள் மூதூர்க் கதையை நம்பவில்லை. அருளம்பலம் தொப்பியைக் கழற்றாமலே படியில் குந்தினார். பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்துக்கொண்டிருந்தார்... திறப்போடு ஒருத்தரும் வரவில்லை.

கலியாணம் கட்டிய வாசகர்களே, என்ன சொன்னால் இந்தக் கதவு திறக்கும்? ஆமி ரோந்து வருவதற்கு முன் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.