கைராசி இல்லாத மனுஷன்

"மறுபடியும் குவளை நிறைய ஊத்துனீங்களா?"

பால்கனியில் நின்றபடி ஸக்கியா கேட்டாள். புதினாத் தொட்டியில் தண்ணீர் குளம் கட்டி நின்றது. இலையெல்லாம் மஞ்சள்.

"தாகமா இருக்குமேன்னு நினைச்சேன்," என்றார் அவள் கணவர் தைய்யிப்.

"விரலை மண்ணுல வெச்சுப் பாருங்க. காஞ்சிருந்தா ஊத்துங்க, ஈரமா இருந்தா சும்மா இருங்க. எத்தனை தடவை சொல்றது?"

அவர் தலையாட்டிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு காப்பிக்கடைக்குச் சீட்டாடக் கிளம்பினார்.

பிஸெர்ட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். இந்த வசந்தத்தில்தான் திடீரென்று நாலு தொட்டி வாங்கிவந்து வைத்தார். வைத்ததோடு சரி. வெயில் கேட்கும் மல்லிகையை இருட்டு மூலையில் தள்ளினார். ஜெரேனியத்தை மூழ்கடித்தார்.

"கைராசி இல்லாத ஆளுக்கு எதுக்குக்கா செடி?" என்பாள் எதிர்வீட்டு வஸீலா. "பேசாம பிளாஸ்டிக் பூ வாங்கிக் குடு. அதையாவது சாகடிக்க முடியாது."

ஸக்கியாவுக்கும் எரிச்சல்தான். ஆனாலும் ஆசையாக வைத்தது பட்டுப்போனால் மனுஷன் முகம் வாடிவிடுமே. அதனால் வாடிய தொட்டியை மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கிவிட்டு, அவர் திரும்புவதற்குள் ஹாத்தியின் நாற்றுக்கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கிவந்து வைத்துவிடுவாள். ஒதுக்கிய தொட்டியைக் குப்பைக்காரர் எடுத்துப்போவார் போலிருக்கிறது, மறுநாள் இருக்காது. செடி மாறியதைத் தைய்யிப் ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை.

"அரை நாள் வெயில், அளவாத் தண்ணி, தொட்டி அடியில ஓட்டை அடைச்சுக்காம இருக்கணும்," என்று ஹாத்தி சொல்லிக்கொடுத்தான். "அவ்வளவுதான்க்கா. மனுஷங்க மாதிரி ஆயிரம் கேக்காது."

அவளும் பழகிக்கொண்டாள். பழுத்த இலையைக் கிள்ளும்போதும் மண்ணைக் கிளறும்போதும் மனசு அங்கே இங்கே ஓடாமல் கையோடு நின்றது. தங்கை நபீஹாவைப் பறிகொடுத்தபின் வராத தூக்கம், இப்போதெல்லாம் வந்தது.

ஒரு வியாழக்கிழமை ஜெரேனியம் காலையிலேயே தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. எப்போதும் மதியத்துக்குமேல் போகிறவள், அன்று அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே போனாள்.

கடை முகப்பில் யாருமில்லை. பின்பக்கப் பந்தலில் பேச்சுக்குரல். எட்டிப் பார்த்தாள்.

தைய்யிப் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தார். எதிரே, அவள் படிக்குக் கீழே ஒதுக்கிய தொட்டிகள் வரிசையாக. அந்தப் புதினா பச்சைப்பசேலென்று துளிர்த்திருந்தது. அவர் விரலை மண்ணில் நுழைத்துப் பார்த்தார். உள்ளங்கையில் ஏந்தி, கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் விட்டார்.

"இது தேறிடுச்சு. அடுத்த தடவை வந்தா இதையே குடு."

ஹாத்தி சிரித்தான். "உங்க செடியை உங்க வீட்டுக்கே எத்தனை தடவைண்ணே விக்கிறது? இவ்வளவு தெரிஞ்சவரு வீட்டுலயே ஒழுங்கா வளக்கலாமே."

"வளக்கலாம். அப்புறம் அவ எதுக்கு வெளிய வருவா? தங்கச்சி போனதுலேருந்து வாசப்படி தாண்டாதவ. நான் கூப்பிட்டுப் பாத்தேன், வரல. பொண்ணு வந்து அழுது பாத்தா, அப்பவும் வரல." பழுத்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டார். "நான் வருத்தப்படக்கூடாதுன்னுதான் மூணு மாடி இறங்கி வந்தா."

ஸக்கியா சத்தமில்லாமல் பின்வாங்கினாள்.

நேரே வீட்டுக்குப் போகவில்லை. கால்வாயோரமாகவே நடந்தாள். நபீஹாவோடு கைகோத்துக்கொண்டு போகும் மீன்சந்தை வந்தது. வாசலில் சற்று நின்றாள். பிறகு உள்ளே நுழைந்தாள்.

மீன்காரர் நிமிர்ந்து பார்த்து, கத்தியைக் கீழே வைத்தார்.

"ஸக்கியாம்மாவா? பாத்து எத்தனை நாளாச்சு. வெளியிலயே வர்றதில்லைன்னு சொன்னாங்களே?"

"என்ன செய்ய?" என்றாள் ஸக்கியா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க வீட்டுக்காரருக்குச் செடி வளக்கத் தெரியல. நான்தான் வெளிய வர வேண்டியதாப் போச்சு."