ஊசிக்குக் கூலி

“அக்கா, உங்க பிள்ளைக்கும் கண்ணு இப்படித்தான் ஆடுச்சா?”

மடியில் கிடந்த மகளைத் தட்டிக்கொடுத்தபடியே கேட்டாள் சக்கீனா. நான்கு வயது இஃபத்துக்குச் சில வாரங்களாகக் கண்மணி ஓர் இடத்தில் நிற்பதில்லை. எழுந்து நடந்தால் தள்ளாடி விழுகிறாள். ஊரில் யாரும் கேள்விப்படாத நோய். ஈப்போ ஆஸ்பத்திரி வராந்தாவில் இதே நோயைப் பார்த்த இன்னொரு தாய் கிடைத்ததே பெரிய ஆறுதல்.

“கண்ணு மட்டுமா? கை, காலு, எல்லாமே ஆடுச்சுலா!” என்றாள் செமோரிலிருந்து வந்திருந்த எல்ஸி. “ரப்பர் மரத்த வெட்டிட்டு தாமான்னு வரிசையா வீடு கட்டுனா, மரத்துல இருந்த பேய் உங்க வீட்டுக்குத்தானே வரும்னு பக்கத்து வீட்டம்மா மந்திரிக்கவே ஆள் கூட்டியாந்துட்டாங்க.”

“முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுக்கணுமாம். கையெழுத்துப் போடப் பயமா இருக்குக்கா.”

“எங்களுக்கும் எடுத்தாங்க தங்கச்சி. அந்தத் தண்ணியிலதான் குட்டு வெளிப்படும். கிருமிய அடிக்க வேண்டிய செல்லுங்க, ஆள் தெரியாம நம்ம மூளையப் போட்டு அடிக்குது. காவலுக்கு வச்ச ஜாகா வீட்டுக்காரனையே அடிச்சா எப்படி? எத்தன பேரு உள்ள பூந்திருக்கான்னு தெரிஞ்சாத்தான் தோதா மருந்து குடுப்பாங்க.”

“மருந்து கேக்குமாக்கா?”

“நீங்களே பாருங்களேன்!” எல்ஸி மோவாயை வராந்தாவின் கோடிக்கு நீட்டினாள்.

அங்கிருந்து ஒரு சக்கர நாற்காலி தடதடவென்று வந்தது. அதில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தலை சாய்ந்து, துவண்ட கீரைத்தண்டாய்க் கிடந்தாள். கையில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. அவளைவிடச் சின்ன வாண்டு ஒருவன் மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“டேய் கேப்ரியல், மெதுவாடா! அக்கா விழுந்துறப் போறா!”

“அவதாம்மா வேகமாப் போகச் சொல்றா!”

“மயக்கமா வருது. மைலோ குடிக்கணும்,” என்று நாற்காலி முனகியது. “நீ தள்ளுடா.”

எல்ஸி விழுந்து விழுந்து சிரித்தாள். சக்கீனாவோ அவளை வெறித்துப் பார்த்தாள். பெற்ற பிள்ளை இப்படிக் கிடக்கும்போது இந்த மனுஷிக்கு எங்கிருந்து சிரிப்பு வருகிறது?

“வைத்தியம் ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சுக்கா?”

“ஆச்சு, ரெண்டு வருஷம்.”

ரெண்டு வருஷம்! முதுகில் குத்தி, மருந்து ஏற்றி, கடைசியில் மிஞ்சியது இந்த நாற்காலியா? யா அல்லாஹ், இதற்கா கையெழுத்து? சக்கீனா மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, சிம்பாங் பூலாய் சாப்பாட்டுக் கடையில் இருந்த கணவனுக்குப் போன் போட்டாள்.

“மச்சான், கார எடுத்துட்டு வாங்க. ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம். பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்.”

“ஏன், டாக்டர் என்ன சொன்னாரு?” ஹுசைன் பதறினான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் அறைக் கதவு திறந்தது. நர்ஸ் மிஸ்ஸி எட்டிப் பார்த்தாள்.

“கேப்ரியல்! டாக்டர் உன் கண்ணப் பாக்கணுமாம், உள்ள வா.”

தள்ளிக்கொண்டிருந்த பையன் நாற்காலியை நட்டநடுவில் விட்டுவிட்டு அறைக்குள் ஓடினான்.

துவண்டு கிடந்த சிறுமி துள்ளிக் குதித்து இறங்கினாள். “அம்மா, இது அநியாயம்! அவன் ரத்தத்தோட ஒத்துப் பாக்கணும்னு, நல்லா இருந்த என்னையக் குத்தி எடுத்தாங்க. அந்தக் கூலிக்கு ஆஸ்பத்திரி முழுக்கத் தள்றேன்னவன் பாதியிலயே ஓடுறான்!”

“சக்கீனா, சொல்லுலா! வரவா, வேணாமா?” போன் அலறியது.

“வாங்க மச்சான், சீக்கிரமா வாங்க,” அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள் சக்கீனா. “கையெழுத்துப் போடணும்.”