பலகைச் சாமி

“நம்ம லைன் வீடுங்களுக்குப் பின்னால கரண்ட் பெட்டியில மாட்டியிருக்கிற பலகையில இன்னாப்பா எழுதியிருக்கு?”

கோலார் பக்கத்து ஊரிகம் தங்கச் சுரங்கத்துக்குக் கரண்ட் வந்த வருஷம் மகள் பொன்னி இப்படிக் கேட்டபோது, எழுத்தறியாத எல்லப்பன் வெட்கப்பட்டு, “மாரியாத்தா பேரு” என்று சொல்லிவைத்தான்.

ஆறு மாதம் கழித்து, மேஸ்திரி அதே மாதிரிப் பலகையைச் சுரங்கக் கொட்டகையில் மாட்டி உரக்கப் படித்தார். “தொட்டால் சாவு! ரப்பர் கையுறை போடாம எவனும் விசையத் தொடாதீங்க.”

“மாட்டுத் தோலோ இன்னாவோ, எனக்கு வாணாம்” என்று கையுறையை ஆணியில் மாட்டிய எல்லப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. கொள்ளைநோய் தணிய, லைன் பெண்கள், மாரியாத்தா என்று பொன்னி சொல்லி நம்பிய அந்தப் பலகைச் சாமிக்குத்தான் இன்று மஞ்சள் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள்!

“ஆத்தா, என் பொய்க்கு எம் பொண்ணைக் காவு கேக்காதே!” என்று கதறிக்கொண்டே ஓடினான்.

பெண்கள் கரண்ட் பெட்டியைச் சுற்றிய வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். குடங்களில் மஞ்சள் தண்ணீர் ஊற்றப்படாமல் அப்படியே இருந்தது.

“உம் பொண்ணுதாண்ணே தடுத்தா” என்றாள் ரத்தினம்மா. “‘எங்கப்பா சொன்ன ஆத்தாதான். ஆனா தண்ணி பட்டா கோவிச்சுக்குவா, தூரமா நின்னு கும்பிடுங்க’ன்னா.”

பொன்னி அவன் காதோரம் சொன்னாள்: “மிஷன் பள்ளிக்கூடத்துல எழுத்துக் கூட்டப் படிச்சுட்டேம்பா. பலகையில இருக்கிறத யாருகிட்டயும் சொல்லல.”

மறுநாள் கொட்டகையில் எல்லப்பனைத் தவிர யாருமில்லை. ஆணியிலிருந்த கையுறையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இரண்டு கைகளிலும் மாட்டிய பிறகே விசையைத் தொட்டான்.