குர்பானிக் கறிக்குப் பக்கத்தில்

ஃப்ரீசர் கதவைத் திறந்தபடி நிற்கிறார் சைபுல்லா. உறைந்த குர்பானிக் கறிப் பொட்டலங்களுக்கு நடுவே மகளின் ஊசிமருந்துப் பெட்டி பனி பூத்துக் கிடக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்றிய இர்ஃபானாவுக்கு வெள்ளை அணுக்கள் மறுபடி பெருகுவதற்காகப் போடும் ஊசி அது. கறியே மாதக்கணக்கில் கெடாத இடமாயிற்றே என்று, குவைத்திலிருந்து வந்த அன்றே அவர்தான் அதை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டிலிருந்து இங்கே மாற்றினார். தினமும் ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் பொத்திக் குளிர் போக்கிக் கொடுத்ததும் அவர்தான். ஊசி போட வந்த நர்ஸ் பூவிழி, பெட்டிக்குள் இருந்த தாளை ஜன்னல் வெயிலில் பிடித்துப் படிக்கிறாள். “உறைஞ்சா வீணாப் போயிடும்னு போட்டிருக்குங்க,” என்கிறாள் தணிந்த குரலில். “அஞ்சு நாளாப் போட்டதும் இதுல வச்சதுதானாங்க?” அவர் தலையை மட்டும் அசைக்கிறார். தெருவில் மீன்காரரின் ஹாரன் நெருங்கி வந்து தேய்ந்து போகிறது. உள்ளறையில், கொசுவலைக்குள், இர்ஃபானா காலையில் வந்த ரத்தப் பரிசோதனைத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறாள். அணுக்கள் இன்றும் ஏறவில்லை. பெட்டியோடு அவர் அறை வாசலில் வந்து நின்றதும் தாளைத் தலையணைக்கடியில் செருகுகிறாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொள்கிறாள். “கோவிச்சுக்காதீங்க அத்தா. நீங்க வேலையை விட்டுட்டு வந்து இவ்வளவு பாத்தும், என் ஒடம்புதான் ஏத்துக்க மாட்டேங்குது.”