கறிமீன் சம்பளம்

பாலர் பாடசாலை அலுவலகத்தில் மின்விசிறிக் காற்றுக்குச் சம்பளக் கவரின் வாய் திறந்து திறந்து மூடுகிறது. அதை இப்போதுதான் வாங்கிய ஜெஸீமா டீச்சர் யன்னல் பக்கம் திரும்பி, போனில் கணவனிடம் முணுமுணுக்கிறாள். “இஞ்சாருங்க, கறிமீன் கெடச்சிட்டு.” மேசைக்கு அந்தப் பக்கம் அதிபர் ஹாறூன் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார். “அதென்ன டீச்சர் கறிமீன்?” போன் கைப்பைக்குள் ஒளிகிறது. வேலை போனாலும் போகட்டும் என்று அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். “அவர் ஒரு நாள் விடியச் சுபஹு தொழுதிட்டுப் போய் பகல் லுஹர் வரைக்கும் கரைவலை இழுத்தார் சேர். கறிக்கு என்டு ரெண்டு சூடை மீனைக் குடுத்து அனுப்பிட்டாங்க. அண்டையிலருந்து எங்கட ஊட்டுல வேலைக்குக் காணாத கூலிக்கெல்லாம் அதுதான் பேர்.” வெளியே ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிடுகிறது. “அப்ப நான் தாற சம்பளம் எத்தின மீன்?” “ஒன்டுதான் சேர். அதுவும் வாலுப் பக்கம்.” சேரின் தொந்தி முதலில் குலுங்குகிறது, சிரிப்பு பிறகுதான் வருகிறது. அவர் கை நீட்டி அவள் கையிலுள்ள கவரின் ஒரு நுனியைப் பிடிக்கிறார். மற்ற நுனியை அவள் விடவில்லை. “விடுங்க டீச்சர், கூட்டித்தானே போடப் போறன்.” “போடுங்க சேர், பொறகு விடுறன்.”