விருதுக்குரிய கை

உலக சினிமாவின் தலையெழுத்தை நிர்ணயிக்கும் தோணிரேவு கிராமத் திரை விமர்சகர் பேரவை, தங்கள் ஏரியில் எடுக்கப்பட்ட புதுப்படத்துக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடியது. ஒன்பது பேர், ஒன்பதும் ஆண்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த, ஏரியில் இறால் பிடிக்கும் இந்திராணி எழுந்தாள். "நானும் விமர்சனம் சொல்லணும். ஈரோயினி நடிக்கவே இல்லண்ணா."

"உனுக்கு இன்னா தெரியும், குந்து!" என்று சீறினார் தலைவர் தருமன். "படத்துல அந்தப் பொண்ணு சேத்துல கைவிட்டு இறாலைப் புடிக்குதே, அந்தக் கை ஒண்ணுக்கே விருது குடுக்கலாம். சிப்பி கிழிச்ச தழும்பு வரைக்கும் மேக்கப்பு! பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது?"

இந்திராணி வலது கையை நீட்டினாள். தழும்பு அப்படியே இருந்தது.

"கை என்னுதுண்ணா. அந்தப் பொண்ணு கரையில குடை நெழல்ல குந்தினு இருந்துச்சு."

பேரவை தழும்பைக் குனிந்து சரிபார்த்தது. பிறகு, படத்தில் நடித்தவர்கள் விமர்சனம் செய்யக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது.